உள்ளங்கை விமானங்கள் – 11: கலேக்குப் போன ஸ்பிட்ஃபயர்

நிக்கோலஸ் கோவின் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. ஹங்கேரியில் பிறந்து, ஊர் ஊராக அலைந்து, 1939-ல் லண்டனில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியைத் தொடங்கியவர். ரப்பர் பொம்மைக்குக் காற்றடைத்தார். சீப்பு வார்த்தார். 1949-ல் ஃபெர்குசன் டிராக்டரைக் கையடக்கமாக வார்த்தார். 1952-ல் கோல்டன் ஹைண்ட் என்ற பாய்மரக் கப்பலைத் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு, உல்வொர்த் கடையில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றார். மறு ஆண்டு ஸ்பிட்ஃபயர் போர்விமானம் வந்தது. பக்கவாட்டில் ஒட்ட வேண்டிய எழுத்துகளில் பிழை இருந்தது. வாங்கிய பையன்கள் யாரும் அதற்காகத் தூக்கம் கெடவில்லை.

1958-ல் கோவ் இறந்தார். கம்பெனி அவர் இல்லாமலும் வளர்ந்தது. 1964 முதல் பத்து ஆண்டுகள் ராய் கிராஸ் பெட்டிக்குப் படம் வரைந்தார். எரியும் இன்ஜின், கிழிந்த மேகம், சாய்ந்து திரும்பும் இறக்கை. உள்ளே சாம்பல் நிறத்தில் நாற்பது ஐம்பது துண்டுகள்தான் இருக்கும். காசு கொடுத்தது படத்துக்காக என்பது அப்பாக்களுக்குத் தெரியாது.

இந்த வாரம், அந்த விமானங்கள் வீடிழந்த கதை.

மேசைமேல் ஒரு பெட்டி

புதுச்சேரி நெல்லித்தோப்பில், மாதா கோயில் மணி காதில் விழும் தூரத்தில் இருக்கிற என் வீட்டு மேசையில், இதை எழுதும்போது ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. கட்டி முடித்தால் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பதினைந்தரை சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலைவிட அரை சென்டிமீட்டர்தான் கூடுதல்.

பெட்டியின் ஓரத்தில், பார்கோடுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: மேட் இன் இந்தியா.

லண்டனில் உள்ள உறவுக்காரப் பையன் ஒருவன் வாங்கி, பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். இங்கே வார்த்து, அங்கே போய், மறுபடி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. மறைமலையடிகள் சாலையில் உள்ள பொம்மைக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். ஒரு கடைக்காரர் ரிமோட் ஹெலிகாப்டரை எடுத்து நீட்டினார். இன்னொருவர், "ஒட்டற பிளேனா? யாரு சார் உக்காந்து ஒட்டுவா?" என்றார்.

இந்த வரி எப்படிப் பெட்டியில் வந்து ஏறியது? அதைச் சொல்ல விமானத்தை ஓரமாக வைத்துவிட்டு அச்சைப் பார்க்க வேண்டும்.

எஃகுக்குள் இருக்கும் விமானம்

இந்தத் தொடரில் இதுவரை விமானங்களைப் பற்றியே பேசிவிட்டோம். உண்மையில் இந்தத் தொழிலின் சொத்து வேறு. எஃகுக் கட்டி ஒன்று, அதன்மேல் கவிழ்க்கும் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே பள்ளமாக வெட்டிய ஒரு வெற்று விமானம். அதுதான் அச்சு.

வேலை எளிது. பாலிஸ்டைரீன் குருணையை உருக்கி, அழுத்திப் பாய்ச்சுகிறார்கள். சிறு கால்வாய்கள் வழியே ஓடி, இறக்கை, வால், சக்கரம், விமானி என்று எல்லாப் பள்ளத்தையும் நிரப்புகிறது. அச்சுக்குள் ஓடும் தண்ணீர் அதைக் குளிர வைக்கிறது. திறந்தால் சட்டத்தில் மாங்காய்க் கொத்துபோல விமானம் தொங்குகிறது. அந்தச் சட்டத்தை மாடல் கட்டுகிறவர்கள் ஸ்ப்ரூ என்பார்கள்.

அச்சை வெட்டுவதுதான் கடினம். அந்தக் காலத்தில் முதலில் பெரிய அளவில் மரத்தில் செதுக்குவார்கள். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும் ஒரு முள், அதோடு இணைத்த இன்னொரு முனையில் அதே வளைவைச் சிறிதாக்கி எஃகில் வெட்டும் கருவி. வெட்டியதை மெருகேற்றுவது கைவேலை. மாதக்கணக்காகும், பணம் தண்ணீராகக் கரையும். ஆனால் ஒருமுறை வெட்டிவிட்டால் முப்பது நாற்பது ஆண்டுகள் வார்த்துக்கொண்டே இருக்கலாம். தேயத் தேய, மூடும் இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து, துண்டுகளின் ஓரத்தில் அப்பளம்போல மெல்லிய ஏடு படரும். அதற்குப் பெயர் ஃப்ளாஷ். ஒரு விமானத்தைப் பிரித்ததும் ஃப்ளாஷ் எவ்வளவு என்று பார்த்தே அச்சின் வயதைச் சொல்லும் ஆட்கள் உண்டு, மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வதுபோல.

கம்பெனி திவாலாகலாம். பெயர் ஏலம் போகலாம். அச்சு எங்கே இருக்கிறதோ அங்கேதான் விமானம் பிறக்கும்.

தவளை போன வழி

இந்தப் பாடத்தை முதலில் கற்றது ஏர்ஃபிக்ஸ் இல்லை. அதன் எதிராளி ஃப்ராக்.

நான்காம் பகுதியில் பார்த்தோம்: 1936-ல் பெங்குவின் என்ற பெயரில், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக்கில் பாகம் பாகமாக விமானம் விற்ற முதல் ஆட்கள் இவர்கள். பின்னாளில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடலோர ஊரான மார்கேட்டில் ஃப்ராக் பெட்டிகள் தயாராயின. மார்கேட் என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் வேண்டும்.

1971-ல் தாய்க் கம்பெனி லைன்ஸ் பிரதர்ஸ் மூழ்கியது. ஃப்ராக் கைமாறியது. வாங்கியவர்கள் 1970-களின் நடுவில் ஒரு வியாபாரம் பேசினார்கள், யாரோடு என்றால் சோவியத் யூனியனோடு. அச்சுகள் அங்கே போகும், வார்த்த பெட்டிகள் இங்கே வரும். நோவோ என்று புதுப் பெயரும் வைத்தாயிற்று.

அச்சுப் பட்டியலைப் பார்த்த சோவியத் தரப்பு ஒரு காரியம் செய்தது. ஜெர்மன் விமானங்களும் ஜப்பான் விமானங்களும் வேண்டாம் என்று ஒதுக்கியது. போர் முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தாலும் மெஸ்ஸர்ஷ்மிட்டை ரஷ்யத் தொழிலாளி கையால் வார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒதுக்கிய அச்சுகளை ரெவெல் கம்பெனி வாங்கிக்கொண்டது. நட்பு நாட்டு விமானங்கள் கிழக்கே போயின, எதிரி நாட்டு விமானங்கள் மேற்கிலேயே தங்கிவிட்டன. வானத்தில் மோதிக்கொண்டவை ஒரே அலமாரியில் அண்ணன் தம்பியாக இருந்துவிட்டு, அச்சு வடிவில் பாகம் பிரிந்தன.

1980-ல் அந்தப் புது முதலாளியும் விழுந்தார். ஃப்ராக் என்ற பெயர் இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை.

இதையெல்லாம் ஏர்ஃபிக்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

1981, ஜனவரி

ஏர்ஃபிக்ஸை விமானங்கள் கவிழ்க்கவில்லை. நட்டும் போல்ட்டும் கவிழ்த்தன.

1971-ல் லைன்ஸ் பிரதர்ஸ் சிதறியபோது, அதன் சொத்துகளில் மெக்கானோவையும் டிங்கி கார்களையும் ஏர்ஃபிக்ஸ் வாங்கிப் போட்டது. மெக்கானோ தெரியும்தானே? ஓட்டை போட்ட தகடுகளைத் திருகாணியால் முடுக்கிப் பாலமும் கிரேனும் கட்டுவது. ஃப்ராங்க் ஹார்ன்பி என்ற லிவர்பூல்காரர் 1901-ல் காப்புரிமை வாங்கிய விளையாட்டு. பெயர் பெரியது. தொழிற்சாலை பழையது. லிவர்பூல் பின்ஸ் சாலையில் இருந்த அந்த ஆலை பணத்தை விழுங்கிக்கொண்டே இருந்தது.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. பாலிஸ்டைரீன் எண்ணெயிலிருந்து வருவது, அதுவும் ஏறியது. எழுபதுகள் முடியும்போது பவுண்டின் மதிப்பு உயர்ந்து ஏற்றுமதி சுருண்டது. பையன்களின் கண்ணும் வேறு பக்கம் திரும்பியது. 1979 நவம்பரில் பின்ஸ் சாலை ஆலையை ஏர்ஃபிக்ஸ் மூடியது. தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்து போராடினார்கள். மூடியும் கடன் தீரவில்லை.

1981 ஜனவரியில் வங்கிகள் கையை விரித்தன. லண்டன் வான்ட்ஸ்வொர்த் பகுதியில் ஹால்டேன் பிளேஸில் இருந்த ஏர்ஃபிக்ஸ், கடன்காரர்கள் சார்பில் வந்த அதிகாரிகளின் கைக்குப் போனது.

விமானப் பெட்டிகள் அப்போதும் விற்றுக்கொண்டுதான் இருந்தன. கடை நடத்தும் மூத்த மகனின் வருமானத்தை, தறுதலைத் தம்பி சூதாடித் தீர்த்த வீடுகளை நாம் பார்த்ததில்லையா?

காலைச் சிற்றுண்டி முதலாளி

வாங்க வந்தவர் அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ். மாவு மில்லில் தொடங்கி, பாலில் ஊற வைத்துச் சாப்பிடும் சீரியல் விற்றுப் பெரிதான கம்பெனி. பொம்மைத் தொழிலிலும் கால் வைத்திருந்தது. இங்கிலாந்தில் அதன் கிளை பாலிடாய். அந்தப் பெயரில் ஏர்ஃபிக்ஸை வாங்கினார்கள்.

வாங்கியவர்களுக்கு லண்டன் ஆலை வேண்டாம். ஆட்கள் வேண்டாம். பெயரும் அச்சும் போதும்.

ஒரு பழைய தொழிற்சாலையிலிருந்து அச்சு வெளியேறுவது எப்படி இருக்கும்? நான் ஹால்டேன் பிளேஸைப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் ஊரில் பஞ்சாலைகள் மூடியதைப் பார்த்த தலைமுறை நான். ஆள் போவது சத்தமாக இருக்கும், கோஷம், கொடி, வாசலில் அழுகை. இயந்திரம் போவதற்குச் சத்தம் இருக்காது. ஒரு விடியற்காலையில் லாரி வந்து நிற்கும். சங்கிலி கட்டுவார்கள். தரையில் சதுரமாக எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சும்.

ஏர்ஃபிக்ஸ் அச்சுகள் சீக்கிரமே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தன. போன இடம் பிரான்சின் கலே. அங்கே ஜெனரல் மில்ஸுக்கு ஆலை இருந்தது. கலே, மெக்கானோவின் பிரெஞ்சுக் கிளை இருந்த ஊரும்கூட. எந்த விளையாட்டு ஏர்ஃபிக்ஸைக் கடலில் தள்ளியதோ, அதன் ஊரிலேயே கரை ஒதுங்கியது.

இங்கிலாந்துக்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று புரிய ஒரு சரித்திரக் கணக்கு வேண்டும். கலே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலேயர் கையில் இருந்த ஊர். 1558-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1940-ல் அதே கலேக்கு மேலே ஸ்பிட்ஃபயர்கள் சண்டை போட்டன. இப்போது அந்த ஸ்பிட்ஃபயரே அங்கே வார்க்கப்பட்டு, பிரெஞ்சு மண்ணிலிருந்து ஏற்றுமதிப் பண்டமாக டோவருக்கு வந்தது.

புதுச்சேரிக்காரனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. 1761-ல் ஆங்கிலேயன் எங்கள் ஊரைப் பிடித்து இடித்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான். மறுபடி பிடித்தான், மறுபடி கொடுத்தான். 1816-ல்தான் அந்த விளையாட்டு ஓய்ந்தது. இரண்டு பேரும் ஒரு பொருளை மாற்றி மாற்றிக் கையில் வைத்துக்கொள்வது எங்களுக்குப் பழகிய காட்சி.

பெயின்ட் டப்பாக்காரர்

1985-ல் ஜெனரல் மில்ஸ் பொம்மைத் தொழிலே வேண்டாம் என்று முடிவு செய்தது. மறுபடி ஏலம். 1986-ல் ஏர்ஃபிக்ஸை வாங்கியது ஹம்ப்ரால்.

மாடல் கட்டுகிறவனிடம் ஹம்ப்ரால் என்று சொன்னால் அவன் மூக்கு விரியும். 1919-ல் ஹல் நகரத்தில் ஹம்பர் ஆயில் கம்பெனியாகத் தொடங்கியது. கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தகரக் குப்பி, பதினான்கு மில்லிலிட்டர் எனாமல். மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறக்க வேண்டும். நிறத்துக்குப் பெயர் சொல்ல மாட்டார்கள், எண்தான். 33 என்றால் மங்கல் கறுப்பு. 34 மங்கல் வெள்ளை. 29-ம் 30-ம் சேர்ந்தால் பிரிட்டிஷ் போர்விமானத்தின் மண் நிறமும் கரும்பச்சையும். இந்தப் பழக்கம் உள்ள இரண்டு பேர் பேசிக்கொள்வதை வெளியாள் கேட்டால் ஏதோ கள்ளக்கணக்கு என்று நினைப்பார்.

இங்கே அந்தக் குப்பி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் எங்கள் ஊர்க் காற்று சும்மா விடாது. ஐப்பசி, கார்த்திகையில் மங்கல் வார்னிஷ் அடித்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு மேலே பால் படிந்ததுபோல வெளுக்கும். தை பிறக்கும்வரை நான் வார்னிஷ் மூடியைத் திறப்பதே இல்லை.

ஹம்ப்ராலுக்குப் பிரான்சில் ஏற்கெனவே ஒரு மாடல் கம்பெனி சொந்தமாக இருந்தது. பெயர் ஹெல்லர். 1957-ல் தொடங்கியது. ஆலை நார்மண்டியில், த்ரன் என்ற சின்ன ஊரில். அச்சுகள் கலேயிலிருந்து மறுபடி லாரி ஏறின. இந்த முறை கடலைத் தாண்டவில்லை. தெற்கே திரும்பின.

த்ரன்

த்ரன் சாதாரண ஊர் இல்லை. 1944 ஆகஸ்டில், நார்மண்டியில் சிக்கிய ஜெர்மன் படைகள் தப்பி ஓட மிஞ்சியிருந்த கடைசி இடுக்கு ஃபலேஸுக்கும் அதற்கும் பக்கத்தில்தான் இருந்தது. ஆகஸ்ட் 18-ல் கனடியர்கள் த்ரனைப் பிடித்தார்கள். அதைச் சுற்றிய வயல் வழிகளில் நெருக்கியடித்துப் போன லாரிகளையும் குதிரை வண்டிகளையும் டைஃபூன்களும் ஸ்பிட்ஃபயர்களும் தாழப் பறந்து சுட்டுத் தள்ளின.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்பிட்ஃபயர் அதே ஊருக்குத் திரும்பியது, எஃகுக் கட்டிக்குள் பள்ளமாக.

இங்கேதான் இந்தக் கதை எங்கள் தெருவுக்குள் நுழைகிறது.

நெல்லித்தோப்பில் எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்தா வீடு என்றால் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் வீடு. அல்லது இன்னும் அங்கேயே இருந்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருகிறவர் வீடு. என் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி அப்படி வருவார். பெட்டி திறக்கும் நாளில் தெருவே திண்ணையில் இருக்கும். சென்ட், சீஸ், சாக்லேட். ஒருமுறை எனக்கு ஒரு தட்டைப் பெட்டி. மேலே இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரெஞ்சு விமானம், மொரான் 406.

"ஹெல்லர்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"எலேர்டா மாப்ள. ஆஷ் வாயில வராது" என்று திருத்தினார் மாமா. ஆஷ் என்பது பிரெஞ்சு எச்.

மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம் அது. உடனடிப் பசையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே மாலையில் கட்டி முடித்து, விமானியின் தலைக்கு மேல் கண்ணாடி மூடியையும் ஒட்டினேன். காலையில் பார்த்தால் மூடி முழுக்க வெள்ளை, மார்கழிப் பனி இறங்கியதுபோல. அந்தப் பசையின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் படிந்தால் இப்படித்தான் ஆகும் என்று தெரிய எனக்கு இருபது ஆண்டு ஆயிற்று. மாமா எட்டிப் பார்த்தார். "உள்ள இருக்கிறவனுக்குக் கண் பொரை வந்துடுச்சாடா?" என்றார். தெரு சிரித்தது.

என் மொரானும், அதே காலத்தில் லண்டன் பையன்கள் வாங்கிய ஸ்பிட்ஃபயரும் ஒரே ஆலையில் வார்த்தவையாக இருக்கலாம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எந்த எழுத்து?

ஒரு சின்ன விலகல். மேசைமேல் உள்ள சிவப்புப் பெட்டிக்குத் திரும்புகிறேன்.

போர்க்கால ஸ்பிட்ஃபயரின் விலாவில் இரண்டு எழுத்து இருக்கும். எந்தப் படைப்பிரிவு என்பதற்கான குறி. பெட்டியோடு வருகிற ஸ்டிக்கரை, டெக்கால் என்பார்கள், தண்ணீரில் ஊறவிட்டு நழுவ விட்டால் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அந்த எழுத்து வேண்டாம். எங்கள் பக்கத்து எழுத்து வேண்டும்.

இரண்டு வழி இருந்தது.

ஒன்று, ஏ-இசட். 234-ஆம் படைப்பிரிவு. அதன் முழுப் பெயரில் மதராஸ் மாகாணம் இருக்கிறது. போருக்காக மதராஸ் மாகாணத்தில் திரட்டிய பணத்துக்கு நன்றியாக வைத்த பெயர். அப்போது ஒரு ஸ்பிட்ஃபயருக்கு ஐயாயிரம் பவுண்டு என்று கணக்குச் சொல்லி நன்கொடை வாங்கினார்கள்.

இன்னொன்று, ஜி-டபிள்யூ. 340-ஆம் படைப்பிரிவு, தெகோலின் சுதந்திர பிரான்சு விமானிகள் பறந்தது. விமானத்தில் லொரேன் சிலுவை வரைந்திருப்பார்கள். 1940 செப்டம்பரில் எங்கள் புதுச்சேரி ஆட்சியாளர் பொன்வேன் தெகோல் பக்கம் சேர்ந்தார். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்களுக்கு உரியது சிலுவைதான். கிழக்கே சொல்தா வீடு, மேற்கே நடந்தால் பழைய மதராஸ் மாகாணத்து எல்லை. நான் எந்தப் பக்கம் சேருவது?

முடிவு செய்தது நானில்லை, இறக்கை. பெட்டியில் இருந்தது ஸ்பிட்ஃபயரின் முதல் வகை. 1942-ல் டியெப் கடற்கரைக்கு மேலே 340 பறந்தது ஐந்தாம் வகையில். அதன் இறக்கையில் பீரங்கிக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் வகைக்கு அது இல்லை. 1940-ல் 234 ஓட்டியது முதல் வகைதான்.

மூன்று சுழி பிரஷ், 34-க்குப் பதில் சாம்பல் கலந்த வெள்ளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏ போட்டேன். இசட்டின் கீழ்க்கோடு கொஞ்சம் இழுத்துக்கொண்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சொல்தா மாமா இருந்திருந்தால் மதராஸ் விமானமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

2006, ஆகஸ்ட் 31

இனி கதை வேகமெடுக்கிறது.

இருபது ஆண்டுகள் த்ரன் ஆலைதான் ஏர்ஃபிக்ஸின் கருப்பை. அலுவலகம் இங்கிலாந்தின் ஹல் நகரில், பிளாஸ்டிக் உருகுவது நார்மண்டியில். இதற்கிடையே ஹம்ப்ராலும் கைமாறியது. புது அச்சு வெட்டுவது அரிதாகி, பழைய அச்சுகளே திரும்பத் திரும்ப வார்க்கப்பட்டன. ஃப்ளாஷ் தடித்தது. பெட்டி திறந்ததும் கத்தியைத் தீட்ட வேண்டிய நிலை.

2006-ல் ஹெல்லர் நொடித்தது.

சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்? ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளில் பெரும்பகுதி த்ரனிலிருந்து வருகிறது. ஆலை நின்றால் பெட்டி இல்லை. பெட்டி இல்லையென்றால் ஹல் நகரத்துக்கு வருமானம் இல்லை. ஆகஸ்ட் 31 அன்று ஹம்ப்ராலின் கணக்கு வெளி நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலையில் இருந்தவர்கள் 41 பேர். அவர்களில் 31 பேருக்கு வேலை போயிற்று.

அந்த எண்ணைப் பாருங்கள். 41. ஒரு நாட்டின் மூன்று தலைமுறைப் பையன்கள் கட்டி, பெயின்ட் பூசி, ஜன்னலில் நூல் கட்டித் தொங்கவிட்ட விமானங்களின் கம்பெனியில் கடைசியில் மிஞ்சியது ஒரு வகுப்பறைக் கூட்டம்.

பிரிட்டிஷ் பத்திரிகைகளில் நடுவயது ஆண்கள் கண்ணீர் வடித்தார்கள். பசை வாசனை, மாடி அறை, அப்பா என்று எழுதித் தீர்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் முந்தைய பத்து ஆண்டுகளில் ஒரு பெட்டியாவது வாங்கியிருந்தார்கள்? கேட்கக் கூடாத கேள்விதான்.

வாங்க ஆள் வருமா என்று இரண்டு மாதத்துக்கு மேல் இழுபறி. பெயருக்கு மதிப்பு உண்டு, எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயரை வாங்குகிறவர் கையில் என்ன இருக்கும்? அச்சுகள் இங்கிலாந்தில் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், நொடித்துப்போன வேறொரு கம்பெனியின் ஆலைக்குள் இருக்கின்றன. அங்கேயும் கடன்காரர்கள் உண்டு. பூட்டைத் திறக்கும் சாவி பிரெஞ்சுக்காரர்களிடம்.

மார்கேட்

நவம்பர் 10-ல் அறிவிப்பு வந்தது. ஏர்ஃபிக்ஸையும் ஹம்ப்ராலின் மற்றச் சொத்துகளையும் 26 லட்சம் பவுண்டுக்கு வாங்குகிறோம் என்றது ஒரு கம்பெனி.

பெயர் ஹார்ன்பி.

மெக்கானோவைக் கண்டுபிடித்த அதே ஃப்ராங்க் ஹார்ன்பியின் பெயர். அவர் விளையாட்டு 1981-ல் ஏர்ஃபிக்ஸை மூழ்கடித்தது. அவர் பெயரைத் தாங்கிய ரயில் பொம்மைக் கம்பெனி இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கை கொடுக்க வந்தது.

கம்பெனி இருந்த ஊர்? நினைவில் வைத்திருக்கச் சொன்னேனே, மார்கேட். எந்த ஊரிலிருந்து ஃப்ராக் அச்சுகள் சோவியத்துக்குப் போயினவோ அதே ஊர். பரம்பரை பார்த்தால் அதே தொழிற்சாலை. ஒருமுறை அச்சைப் பறிகொடுத்த வீடு, இப்போது இன்னொருவரின் அச்சை மீட்கப் போக வேண்டும்.

பறிகொடுத்தவர்களுக்கு அச்சின் அருமை தெரியும் என்று நினைப்போம். த்ரனிலிருந்து லாரி கிளம்பும், கால்வாயைக் கடக்கும், மார்கேட் வாசலில் நிற்கும், கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்தில் வார்க்கப்படும். 2006 நவம்பரில் அங்கே பலர் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள்.

ஒரே ஒரு சிக்கல். மார்கேட்டில் பொம்மை வார்ப்பதை ஹார்ன்பி எப்போதோ நிறுத்தியிருந்தது. ரயில் பெட்டிகள் சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தன. அங்கே அலுவலகம் இருந்தது, கிடங்கு இருந்தது, சரித்திரம் இருந்தது. அச்சை ஏற்றி வைக்க இயந்திரம் இல்லை.

என் மேசையில் இருக்கும் பெட்டியின் ஓர வரி, லாரி மார்கேட்டில் நிற்கவில்லை என்று சொல்கிறது. சீனாவிலும் நிற்கவில்லை என்றும் சொல்கிறது. அப்படியானால் ஸ்பிட்ஃபயரை இந்தியாவுக்குத் திருப்பியது யார், எந்தக் கணக்கில்? இங்கே பிறந்த விமானம் இங்கே ஏன் ஒரு கடையிலும் இறங்கவில்லை?

(அடுத்த வாரம்)